துணி பிடித்த பிடி

படகின் ஸ்டியரிங்குக்குப் பின்னால், குழாய் இடுக்கில் ஒரு பழைய பனியன் துணியைச் செருகி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் ஒருநாள் லேசாகக் கிழிந்து, எண்ணெய் கசிய ஆரம்பித்தது.

"அக்கா, வெளியே தெரிஞ்சா என்னைக் கழற்றிக் கடாசிடுவாங்க. நீங்கதான் மறைக்கணும்" என்று சீல் அழுதது.

துணிக்கு இளகிய மனசு. வந்த எண்ணெயையெல்லாம் குடித்துக்கொண்டது. குடிக்க முடியாத மிச்சம் குழாய் வழியே இறங்கி, அடியில் இருந்த நட்டில் சொட்டியது.

மெக்கானிக் சூசை வந்தார். நட்டில் எண்ணெயைப் பார்த்ததும் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினார். மறுவாரமும் வந்து முறுக்கினார். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று நட்டு கத்தியதைத் துணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்காதவள் என்று அதற்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு காலையில், ஸ்டியரிங்கை இயக்கும் எண்ணெய் வற்றிப்போய், துறைமுக வாயிலில் ஸ்டியரிங் திரும்பவில்லை. படகில் இருந்த ஆறு பேரும் பாறையில் மோதாமல் தப்பியது ஒரு முழ இடைவெளியில்தான்.

சூசை புது எண்ணெய் ஊற்றிவிட்டு, மறுபடியும் ஸ்பேனரோடு நட்டிடம் குனிந்தார். துணி பிடியை விட்டது.

"ஐயோ அக்கா!" என்றது சீல்.

துணி நட்டின் மேலேயே விழுந்தது. முறுக்கி முறுக்கி நட்டின் முனைகள் எல்லாம் மழுங்கிப்போயிருந்ததை அப்போதுதான் பார்த்தது.

நிமிர்ந்து பார்த்த சூசை, "அட, இங்கேயா ஒழுகுது!" என்றார். புது சீல் மாட்டக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டு, அதைப் பழைய இடத்திலேயே செருகினார்.

"வாங்கக்கா" என்றது புது சீல்.

துணி வழுக்கிக் கீழே விழுந்தது. சூசை மறுபடி செருகினார். மறுபடியும் விழுந்தது.