நடுக் கதிரை

"இதிலை வேண்டாம், தூண் மறைக்கும்" என்றான் யோகலிங்கம். இதோடு நான்கு தடவை இடம் மாறியாயிற்று. அவன் மனைவி கமலாசனிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கிளிநொச்சியில் வெறுமையாகக் கிடந்த நெற்களஞ்சியத்துக்குள் கயிறு கட்டிக் கதிரைகள் போட்டு, அன்று பின்னேரம் மல்யுத்தப் போட்டி. ஆனால் யோகலிங்கம் மனைவியையும் அவள் தங்கை இராசமலரையும் கூட்டி வந்தது மல்யுத்தம் பார்க்க அல்ல. பெண்ணுக்குத் தெரியாமல், கூட்டத்தில் இருத்திப் பெண் பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம்.

தாய் தகப்பன் போனபின் தங்கையை வளர்த்தவள் கமலாசனிதான். கலியாணமாகி ஒன்பது வருடமாகியும் பிள்ளை இல்லாத அவளுக்கு இராசமலர்தான் பிள்ளை. தங்கைக்கு ஒரு நல்ல இடம் அமையவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றையும் அவள் கடவுளிடம் கேட்கவில்லை.

கடைசியில் முன்வரிசையில், வெளிச்சம் விழும் இடத்தில் மூன்று கதிரைகள் அகப்பட்டன. கமலாசனி நடுவில் இருந்தாள். அவளுடைய பதக்கச் சங்கிலி இராசமலரின் கழுத்தில் பளபளத்தது. யோகலிங்கமும் புது வேட்டியும் மழித்த முகமுமாக, மச்சாளுக்குக் குறையாத கோலத்தில்தான் வந்திருந்தான்.

எதிர்வரிசையில் அவனுடைய தாய், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு பூநகரியிலிருந்து வந்து இருந்தாள்.

"மாமியும் வந்திருக்கிறா!"

"அம்மாதானே சம்பந்தம் பேசுறா."

"மாப்பிள்ளை ஆர்? காட்டுங்கோவன்" என்று கமலாசனி அவன் காதுக்குள் கேட்டாள்.

"பொறுமப்பா. தெரிஞ்ச ஆள்தான். அஞ்சு ஏக்கர் வயல் கிடக்கு, குடிவெறி ஒண்டுமில்லை."

கமலாசனிக்குக் கண் கலங்கிவிட்டது. "இஞ்சாருங்கோ, தகப்பன் மாதிரி நிண்டு செய்யிறியள். இதைச் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

அவன் கயிற்றுக்குள் உருண்டுகொண்டிருந்தவர்களையே பார்த்தபடி இருந்தான்.

முதற் போட்டி முடிந்ததும் மாமி எழுந்து இவர்களிடம் வந்தாள். ஒன்பது வருடமாக முகம் கொடுத்துக் கதைக்காதவள், இன்றைக்குக் கமலாசனியின் தலையைத் தடவினாள். கமலாசனி உருகிப்போனாள்.

"பிடிச்சிருக்கோ மாமி?"

"நல்லாப் பிடிச்சிருக்கு. நீ எழும்பி அங்காலை இரு பிள்ளை, இவனையும் உன்ரை தங்கச்சியையும் ஒருக்காச் சோடியா இருத்திப் பாப்பம்."