பகலில் அருந்ததி

ஐப்பசி மாதத்துக் காலை வெயிலில், மண்டப வாசலில் நின்று ஐயர் வடக்கு வானத்தைக் காட்டினார். “அருந்ததி தெரியறதோ?”

மாப்பிள்ளை உடனே தலையாட்டினான். போன வருடம் இறந்துபோன என் மனைவியின் தங்கை சுகிர்தாதான் மணப்பெண். அவள் தலையாட்டவில்லை.

“தெரியல சாமி. பொய் சொல்லி ஆரம்பிக்க மாட்டேன்.”

கூட்டம் சிரித்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் அக்காவும் தெரியுதுன்னு புளுகினீங்கதானே அத்தான்?”

“ரெண்டு பேருமே.”

“இயற்பியல் வாத்தியார்தானே, சொல்லுங்க. அங்க இருக்கா, இல்லையா?”

“இருக்கு. எங்கயும் போகல. பகல் வெளிச்சத்துல நட்சத்திரம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

“அப்போ சரி. இருக்கு சாமி, மேல சொல்லுங்க!”

நாதஸ்வரம் எழுந்தது. எல்லோரும் பந்திக்குப் போனார்கள். நான் கண் கூச, சிரித்துக்கொண்டே, அண்ணாந்து நின்றேன்.