பத்துக்குப் பூஜ்யம்

“வலி பூஜ்யம்னே எழுதிக்குங்கம்மா. பூரான் புண்ணியத்துல பறந்துபோச்சு” என்றார் பஸ் டிரைவர்.

சொன்னதோடு நிற்காமல், புதுச் செருப்பு வாங்கின பிள்ளைபோல் ஆய்வறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விறுவிறுவென்று நடந்து காட்டினார். சுவர் அலமாரியில், கண்ணாடி ஜாடிகளுக்குள் சுருண்டு கிடந்த பூரான்களைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

அவர் மனைவி மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடமாக டிரைவருக்கு இடது பாதம் நெருப்பாக எரிகிறது. நரம்புக் கோளாறு. கிளட்சை மிதிக்க முடியாமல் விடுப்பில் இருக்கிறார். பூரான் கடித்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆனால் அதே விஷத்திலிருந்து ஒரு பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தால், அது வலியை நரம்பிலேயே தடுத்து நிறுத்திவிடும் என்று டாக்டரம்மா ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிறார். இப்போது வலிக்காரர்கள் நாற்பது பேரைச் சேர்த்து, வாரம் ஓர் ஊசி போட்டு, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு எழுதி வருகிறார்.

மூன்றாம் வாரத்திலிருந்தே டிரைவர் பூஜ்யம்தான். பள்ளிக்கூடத்தில் வாங்கிப் பழக்கம் என்று சிரிப்பார்.

இன்று பன்னிரண்டாம் வாரம், கடைசி நாள். இன்றும் பூஜ்யம் ஏறிவிட்டால், குணமாகிவிட்டவர் என்று கோப்பை மூடி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு இந்தக் காலுக்கு யார் இருக்கிறார்கள்?

டிரைவர் எடை பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனதும் அவள் எழுந்து மேஜையருகே வந்தாள்.

“டாக்டரம்மா, அந்தப் பூஜ்யத்தை அடிச்சிடுங்க. அவரு சொல்றதெல்லாம் பொய்.”

பேனா நின்றது.

அவள் அத்தனையையும் கொட்டிவிட்டாள். இங்கே இப்படி நடக்கிறவர், வெளியே போனதும் துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார். வீட்டில் பாதி நேரம் பாதம் வாளித் தண்ணீரில்தான் இருக்கும். பேப்பர் படிப்பதும் சாப்பிடுவதும் வாளியோடுதான். ‘அப்பாவோட இடது செருப்பு’ என்று மகள் அந்த வாளிக்குப் பெயரே வைத்துவிட்டாள். வலி ஒரு மார்க்கூடக் குறையவில்லை.

“அப்புறம் ஏன் அண்ணி பொய் சொன்னாரு?”

“ரெண்டாவது வாரம் உங்க கையைப் பூரான் கடிச்சு, விரலெல்லாம் வீங்கிக் கிடந்துச்சே. அந்தக் கையாலயே ஊசி போட்டீங்க. உங்க நாற்காலியைக் குடுத்து உக்கார வச்சீங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, ‘நமக்காக அந்தப் பொண்ணு பூரான்கிட்ட கடி வாங்குது. அது மூஞ்சியைப் பார்த்து இன்னும் வலிக்குதுன்னு எப்படிடி சொல்றது’ன்னாரு. என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. நன்றி காட்ட அந்த மனுஷனுக்கு வேற வழி தெரியலை.”

டாக்டரம்மாவின் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மனைவியைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

“நெஜத்தைச் சொல்லுங்கண்ணா. எத்தனை?”

“எட்டு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஒம்பது. ஆனா உங்க மருந்து மேல தப்பில்லம்மா. என் கால்தான் சரியில்ல.”

டாக்டரம்மா பழைய தாள்களையும் எடுத்து, ஒவ்வொரு வாரமாகக் கேட்டுத் திருத்தினார். எது வந்தாலும் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்றார். மற்றவர்கள் தாளெல்லாம் வந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி, முடிவு பார்த்துவிட்டு வருகிறேன், போய்விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தாள்கட்டோடு உள்ளே போனார்.

இருவரும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். ஆறு வருஷ உழைப்பை ஒரு நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டாயே என்று டிரைவர் ஒருமுறை முணுமுணுத்தார். அவள் புருஷன் காலுக்காகத்தான் வாயைத் திறந்தாள். ஆனாலும் அந்த வீங்கின விரல்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். கண் கலங்கியிருந்தது. டிரைவர் மன்னிப்புக் கேட்க எழுவதற்குள், டாக்டரம்மா அவர் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணி, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? நீங்க பேசாம இருந்திருந்தா என் மருந்து மயிரிழையில தோத்திருக்கும்.”

இருவரும் விழித்தார்கள்.

“ஒரு மருந்து நெஜமாவே வேலை செய்யுதான்னு பார்க்க, பாதிப் பேருக்குத்தான் அதைப் போடுவோம். மத்தவங்களைவிட அவங்களுக்கு வலி குறைஞ்சாத்தான் மருந்து ஜெயிச்ச மாதிரி. யார் யாருக்குன்னு எனக்கே தெரியாது. அந்தப் பட்டியல் இருந்த கவரை இப்பத்தான் பிரிச்சோம். முதல் நாளே இதைச் சொல்ல வந்தேன். அண்ணன்தான் ‘நீங்க பண்ணா சரியாத்தாம்மா இருக்கும்’னு காதுலயே வாங்காம கையெழுத்துப் போட்டாரு” என்ற டாக்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “பன்னெண்டு வாரமா அவருக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி அண்ணி. மருந்தை இனிமேதான் போடப்போறேன்.”