திருப்பி விடப்பட்ட விமானம்

"பறந்துக்கிட்டிருந்த விமானத்தையே கட்டை விரலால அடுத்த ஊருக்குத் தள்ளி விட்டவன் நான்," என்றார் வேன் ஓட்டுநர், சாப்பாட்டு மேஜையில் அந்த விரலை உயர்த்திக் காட்டி.

மகள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"மாப்பிள்ளை அளந்தா ஆகாசமே பத்தாது," என்றார் மாமியார்.

அவர் அடங்குகிற ஆளா? குட்டி விமானமில்லை, ஒரு தெருவையே ஏற்றிக்கொண்டு மேகத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்த விமானம். மனைவிக்கு வலி எடுத்திருந்தது. காத்துக் காத்து உண்டான பிள்ளை. அந்த விமானத்தில் வரவேண்டிய மாமியாரை அழைத்துவர, கம்பெனி வேனைச் சொல்லாமல் கொள்ளாமல் கிளப்பிக்கொண்டு விமான நிலைய வேலியோரம் நின்றார்.

வேன் எங்கே ஊர் சுற்றுகிறது என்று கம்பெனி ஜிபிஎஸ்ஸில் பார்த்துவிடும். பார்த்தால் வேலை காலி. அதன் கண்ணைக் கட்ட, சிகரெட் லைட்டர் துளையில் சிக்னலைத் தடுக்கும் கட்டை விரல் அளவு கருவி ஒன்றைச் செருகியிருந்தார்.

அது வேனோடு நின்றதா? மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டது. ஓடுபாதை தெரியாமல் அது தலைக்கு மேலே உறுமி, பக்கத்து ஊருக்கு ஓடியே போய்விட்டது.

"உள்ளே இருந்தது உங்க பாட்டி," என்று முடித்தார்.

மனைவி தட்டை நகர்த்தினாள். "அவங்க அதுல ஏறவே இல்ல. பெத்த பொண்ணு துடிக்கிறப்போ விமானத்தைத் தவற விட்டுட்டு, பிள்ளை பொறந்தப்புறம் பஸ்ல வந்து இறங்கினாங்க."

இந்த ஒரு பேச்சு வந்தால் மாமியாரும் மனைவியும் ஒரு வாரம் முகம் பார்க்க மாட்டார்கள்.

"ஆமா, தவற விட்டேன்," என்றார் மாமியார் வழக்கம்போல. பிறகு மருமகனைப் பார்த்தார். "நேத்தோட வேலையிலேருந்து ஓய்வு கொடுத்துட்டாங்கல்ல?"

"கொடுத்துட்டாங்க அத்தை."

"இனிமே யாரும் உங்களைத் தூக்க முடியாதே?"

"வீட்டுல இருக்கிறவனை எங்கேருந்து தூக்குறது?"

மாமியார் தன் மகளின் பக்கம் திரும்பினார்.

"கீழே எவனோ சிக்னலைக் கெடுக்குறான்னு பைலட்டே மைக்குல சொன்னாருடி. பக்கத்து ஊர்ல இறக்கிவிட்டாங்க, பஸ் பிடிச்சு வந்து இவர் வேன்ல ஏறினேன், என் போன்ல மேப் செத்துப்போச்சு. அந்த லைட்டர் துளையைப் பார்த்தேன், வாயை மூடிக்கிட்டேன். மனுஷன் சொன்னது அத்தனையும் நடந்ததுதான்."