சுவரடித் தூள்

புதிய ரயில்பாதைக்காக மேசைமேல் செய்த ஊரின் சிறு மாதிரியில் தாவீது வீடுகளைப் பதித்துக்கொண்டிருந்தான். வைத்ததுபோல் தெரியாமல் முளைத்ததுபோல் தெரிய, ஒவ்வொரு சுவரடியிலும் பசை தடவிப் பச்சை மரத்தூளைத் தூவினான். அதிகாரி வந்து, பாதையை இரண்டு விரல் தள்ளச் சொன்னார். குறுக்கே நின்ற ஒரு வீட்டைத் தாவீது கத்தியால் பெயர்த்து, அந்த இடத்திலும் தூளைத் தூவினான். மாதிரியில் இல்லாத வீடு ஊரிலும் இடிபடும்.

மனுக் கொடுக்க வந்து பக்கத்தில் நின்ற பேச்சி பதறினாள். "ஐயா, அது என் வீடு!"

"எங்க இருந்துச்சு? காட்டும்மா பாப்போம்," என்று தாவீது சிரித்தான்.

அவள் குனிந்து தேடினாள். பெயர்த்த தடமே தெரியவில்லை. கடைசியில் ஒரு கூரைமேல் விரலை வைத்தாள். "இந்தா, தங்கக்கா வீடு. இதுக்கு ஒட்டுனாப்புலதான்."

அதிகாரி எட்டிப் பார்த்தார். "அவ்ளோ பக்கமா? அப்ப இதுவும் பாதையிலதான் வருது. எடுத்துரு."

பேச்சி விரலை எடுக்கவில்லை.

"தள்ளிக்கம்மா," என்றான் தாவீது கனிவாக, "கத்தி பட்டுரும்."