பத்து வீட்டு வேன்

"சீனி முகம்மது அண்ணே நம்ம வேனை வாடகைக்கு ஓட்டுறாரு. இதுக்கு மேல நான் என்னா சொல்லணும்?"

தலைவர் கோகிலன் மேசையைத் தட்டினார். பிளாஸ்டிக் மேசை என்பதால் சத்தம் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை தட்டினார்.

டத்தோ கிராமாட் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவசரக் கூட்டம். அங்கே பத்துக் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தன. மழை பெய்தால் கட்டணத்தை இரண்டு மடங்காக்கும் ஆப் கார்களுக்கு எதிராகக் கோகிலன் தொடங்கிய போராட்டம் அது. பாசாருக்கோ ஆஸ்பத்திரிக்கோ, எந்த வீட்டுக்காரரும் எடுத்துப் போகலாம். வாடகைக்கு மட்டும் ஓட்டக்கூடாது. சங்கத்தின் முதல் விதி அதுதான். கோகிலனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே விதியும் அதுதான்.

"நான் கண்ணால பாத்தேன்," என்றாள் ஷர்மினி. "ஒரு சீன ஆன்ட்டி, கூடை நிறைய டுரியான் பழம். பின்னால பேக்டரி யூனிபார்ம்ல ரெண்டு பேரு. யாருமே நம்ம ஆளுங்க இல்ல."

"ஓ, அது டுரியான் வாடையா?" என்றார் ஜெயராஜ். "நான் ஏர்கான்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்லா."

சீனி முகம்மது ஓய்வு பெற்றவர். வேனை அதிகம் எடுப்பவரும் அவர்தான். மனைவி ஹபீபா பீவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.

"ஆமா தம்பி, ஏத்தினேன்," என்றார். "கையக் காட்டுனாங்க. போற வழிதான். வேன்ல இடமும் இருந்துச்சு."

"காசு?"

"வாங்கல."

"சும்மாவா ஏத்துனீங்க?"

"ம்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இந்தக் காலத்தில் சும்மா யார் ஏற்றுவார்கள்?

"சரிண்ணே," என்றார் கோகிலன். "இதுக்குப் பதில் சொல்லுங்க. ரோட்டுல எவ்வளவோ வண்டி போவுது. உங்கள மட்டும் எதுக்குக் கையக் காட்டி நிறுத்துறாங்க? உங்க மூஞ்சியில டாக்சின்னு எழுதி ஒட்டியிருக்கா?"

சீனி முகம்மது வாயைத் திறந்தார். கோகிலனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா, பதிலே இல்ல! சாவிய வைங்கண்ணே. இனிமே வேன் உங்களுக்குக் கிடையாது."

"ஏங்க," என்று குறுக்கிட்டாள் கோகிலனின் மனைவி காமினி. "அப்ப அக்கா டயாலிசிஸுக்கு எப்படிப் போவாங்க?"

"ஆப்புல கூப்பிட்டுக்கட்டும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது கோகிலனுக்கே உறைத்தது. ஆனால் தலைவர் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

சீனி முகம்மது சாவியை மேசையில் வைத்தார். ஹபீபா பீவி ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை முந்தானையால் மூடிக்கொண்டார். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். பெயர் ஹஸ்ருல் என்று சொல்லிக்கொண்டு மலாயில் கேட்டார்.

"வெளியே நிற்கிற வேன் உங்களுடையதுதானே? ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். கெப்பாலா பத்தாஸுக்குப் போக வாடகைக்கு வேண்டும்."

சாட்சி தன் காலாலேயே நடந்து வந்துவிட்டது! கோகிலனும் மலாய்க்குத் தாவினார்.

"வாடகை வேன் என்று இவர்தானே சொன்னார்?"

"இல்லையே. இந்தப் பெரியவர் என்னை இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் இறக்கிவிட்டார். எவ்வளவு என்று கேட்டால், 'எல்லாம் கட்டியாச்சு, இறங்கு' என்றார். அதனால்தான் இந்தத் தடவை நேரிலேயே வந்து கேட்கிறேன்."

"பிறகு வாடகை என்று யார் சொன்னது?"

"வேனுக்குப் பின்னாலேயே எழுதியிருக்கிறதே."

மொத்தக் கூட்டமும் வெளியே ஓடியது.

வேனின் பின்கண்ணாடியில், கோகிலன் தன் கையாலேயே ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர். மக்கள் சேவைக்கான வேன் என்பதால் 'சேவா' என்று பெயர் வைத்தவர் அவர்தான். எல்லா இனத்தவரும் படிக்கட்டும் என்று ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னார். 'வி' போட்டால் ஒல்லியாகத் தெரிகிறது, 'டபிள்யூ' போட்டால்தான் கம்பீரம் என்று கடைக்காரரிடம் அடம்பிடித்ததும் அவரே.

எஸ், இ, டபிள்யூ, ஏ.

மலாயில் அதற்கு 'வாடகை' என்று பொருள்.

பத்து வீட்டாரும் அதைத் தினமும் பார்த்தவர்கள்தான். பெயர் முதலில் தமிழாகக் காதில் விழுந்துவிட்டதால், கண்ணும் தமிழாகவே படித்துத் தொலைத்திருக்கிறது. பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவர்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதலில் சிரித்தது காமினி. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. விஷயம் புரியாத ஹஸ்ருலும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார்.

கோகிலன் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து சீனி முகம்மதுவின் கையில் வைத்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே. உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"முதல் ஆளு ஏறினப்பவே தெரியும்."

"என் மானத்தக் காப்பாத்தவா இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டு நின்னீங்க?"

வெட்கம் தாங்காமல் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

சீனி முகம்மது பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"ஐயோ, உங்க மானத்துக்காக இல்ல தம்பி. அத உரிச்சிடாதீங்க. சும்மா ஏத்திக்குவோம்னு எழுதினா ஒருத்தரும் கையக் காட்ட மாட்டாங்க. வாடகைன்னு இருக்கவேதான் கூச்சப்படாம ஏறுறாங்க."