ஒன்பது மார்க் எலி

தியேட்டரின் கடைசி வரிசை நாற்காலிக்கு அடியில் ஓர் எலி குடியிருந்தது. எந்தப் படம் வந்தாலும் மார்க் போடுவது அதுதான். ஆட்டம் முடிந்ததும் சுவரில் இருக்கும் பல்லி இறங்கி வந்து கேட்கும்.

“இந்தப் படம் எப்படிண்ணே?”

“தரமான படம். பத்துக்கு ஒன்பது. சண்டை வரும்போதெல்லாம் பாப்கார்ன் கொட்டுச்சு பாரு, அங்க நிக்கிறாரு டைரக்டர்.”

“போன வாரம் வந்தது?”

“குப்பை. பேய்ப் படம்னு சொன்னாங்க. ஒரு முறுக்குகூட பயந்து விழலை.”

எலி ஒருநாளும் திரையைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு மார்க் போட யாரால்தான் முடியாது என்பது அதன் எண்ணம்.

அந்த வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தது. இடைவேளைக்குப் பிறகு மேலேயிருந்து ஒன்றுமே விழவில்லை. இத்தனை பேர் கையும் ஏன் நின்றுபோனது என்று பார்க்க, எலி நடைபாதைக்கு வந்து தலையைத் தூக்கியது. திரையில் ஒரு தாய், தொலைந்துபோன மகளைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த சமோசாத் துண்டை எறும்புகள் இழுத்துப் போனதுகூட எலிக்குத் தெரியவில்லை.

விளக்கு எரிந்ததும் பல்லி வந்தது. “மார்க் என்னண்ணே?”

எலி மீசையைத் துடைத்துக்கொண்டது. “முட்டை. ஒரு வாய் தின்ன விடலை. இதெல்லாம் ஒரு படமா?”

“அப்போ அடுத்த ஆட்டத்துக்குத் தூங்கிடுவீங்க.”

“அந்தப் பொண்ணு எப்படித் தொலைஞ்சான்னு பார்க்காம எப்படிடா தூங்குறது?” என்றது எலி.